பெல்டிஜெரா லைக்கனை அடையாளம் காண்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லைக்கன்களைப் படிக்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் பெல்டிஜெரா. இலைவடிவ லைக்கன்களில் இவ்வளவு பெரிதாக, கையாள வசதியாக இருப்பவை அதிகம் இல்லை. ஒவ்வொரு மடலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். முழு உடலமும் உள்ளங்கையைத் தாண்டிப் பரவிக் கிடக்கும். பெரும்பாலும் மண்ணிலும், பாசி மூடிய பாறையிலும், மரத்தின் அடிப்பகுதியிலும் வளர்வதால் ஏணியும் வேண்டாம், உளியும் வேண்டாம். குனிந்தால் போதும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால், பாடப்புத்தகத்தில் வரைபடமாக மட்டும் பார்த்த உறுப்புகளில் பலவற்றை நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேரினத்தைக் கண்டுகொள்வது சுலபம். சிற்றினத்தின் பெயரைச் சரியாகச் சொல்வது அனுபவசாலிகளுக்கே திணறல்தான். அதனால் இந்த வழிகாட்டியின் இலக்கை வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறேன்: உடலமைப்பைப் படித்து, கையில் இருப்பது பேரினத்துக்குள் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். சிற்றினப் பெயரும் கிடைத்தால் அது கூடுதல் லாபம்.

தேட வேண்டிய இடங்கள்: குளிர்ச்சியும் ஈரமும் உள்ள காடுகள், பாதையோர மண் சரிவுகள், பாசி படர்ந்த கற்கள். குளிர்நாடுகளில் தாழ்நிலத்திலேயே கிடைக்கும். வெப்பமண்டலத்தில் என்றால் உயர்ந்த மலைகளுக்குப் போக வேண்டும்.

வகைப்பாட்டில் இதன் இடம்

லைக்கன் என்பது தனி உயிரி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து நடத்தும் வாழ்க்கை. கூட்டாளி பசும்பாசியாக இருக்கலாம், சயனோபாக்டீரியாவாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். பெயர் மட்டும் பூஞ்சைக்குத்தான். பெல்டிஜெரா என்று சொல்லும்போது நாம் குறிப்பது பூஞ்சையை. அதனுள் இருக்கும் சயனோபாக்டீரியாவுக்கு நாஸ்டாக் என்ற தனிப்பெயர் உண்டு. இது நினைவில் இருக்கட்டும், கீழே ஓரிடத்தில் தேவைப்படும்.

1753 இல் லின்னேயஸ் தனக்குத் தெரிந்த லைக்கன்கள் எல்லாவற்றையும் ஒரே பேரினத்துக்குள் அடைத்து, பாசிகளோடு சேர்த்து வைத்துவிட்டார். இன்று நாம் பெல்டிஜெரா கனைனா என்று அழைப்பதும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. 1787 இல் வில்டெனோ பெல்டிஜெராவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். லைக்கன்களுக்குள் பூஞ்சையும் பாசியும் தனித்தனியாக இருக்கின்றன என்று சைமன் ஷ்வென்டனர் சொன்னது 1860களின் கடைசியில்தான். சொன்னதற்கு அப்போது அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கேலி.

இன்றைய அடுக்கு இது: பூஞ்சை உலகம், ஆஸ்கோமைக்கோட்டா தொகுதி, லெக்கனோரோமைசீட்ஸ் வகுப்பு, பெல்டிஜெரேல்ஸ் துறை, பெல்டிஜெரேசியே குடும்பம். சொலோரினா என்ற பேரினமும் இதே குடும்பம். நெஃப்ரோமா, லொபாரியா, ஸ்டிக்டா ஆகியவை பக்கத்து வீட்டுக்காரர்கள். அண்மைய சில வகைப்பாடுகள் அவற்றையும் இதே குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. எந்த நூலைப் பயன்படுத்துகிறீர்களோ அதற்கேற்பக் குடும்பப் பெயர் மாறும். அதற்காகக் குழம்ப வேண்டியதில்லை.

பேரினத்தின் உள்ளே பார்த்தால், 2000 ஆம் ஆண்டில் யோலாந்தா மியாட்லிகோவ்ஸ்காவும் பிரான்சுவா லுட்சோனியும் உடலமைப்பு, வேதியியல், டிஎன்ஏ மூன்றையும் சேர்த்துப் பார்த்து எட்டுப் பிரிவுகளாக வகுத்தார்கள். அந்த எட்டும் களத்தில் எப்படித் தெரியும் என்பதைக் கடைசிப் படியில் பார்ப்போம். முதலில் உடலைப் படிக்கலாம்.

படி 1: பெல்டிஜெராதானா?

மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். மடல்கள் அகலமாக, தரையோடு இறுக ஒட்டாமல், விளிம்பு தூக்கினாற்போல இருக்கின்றனவா? அடிப்பக்கம் வழவழப்பான தோல் இல்லாமல் பஞ்சுபோல இருந்து, அதில் நரம்புகளோ நீண்ட வேரிழைகளோ தெரிகின்றனவா? கனி (பூஞ்சையின் ஸ்போர்கள், அதாவது விதை போன்ற நுண்துகள்கள், உண்டாகும் உறுப்பு) இருந்தால், அது மடல் நுனியின் மேற்பக்கத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெல்டிஜெராதான்.

ஏமாற்றக்கூடியவை நான்கைந்து உண்டு. நெஃப்ரோமாவுக்கும் மடல் நுனியில்தான் கனி, ஆனால் அடிப்பக்கத்தில் இருக்கும். அதன் அடிப்புறம் தோல் மூடி மழமழவென்று இருக்கும். சொலோரினாவில் கனிகள் மடலின் நடுவில், மேற்பரப்பிலேயே பதிந்து குழிந்திருக்கும். ஸ்டிக்டாவின் அடிப்பக்கத்தில் விளிம்பு கட்டிய சிறு வெள்ளைக் குழிகள் தெரியும். லொபாரியாவின் அடியில் மயிர்ப் பரப்புக்கு நடுவே வெளிறிய மொட்டைத் திட்டுகள் இருக்கும். ஈரமான கரைகளில் மார்கான்ஷியா போன்ற ஈரல்செடிகளும் மாட்டும். மார்கான்ஷியாவின் மேற்பரப்பில் சிறு கட்டங்களும், கட்டத்துக்கு ஒரு காற்றுத் துளையும் லென்ஸில் தெளிவாகத் தெரியும். லைக்கனில் அப்படி எதுவும் இருக்காது.

படி 2: நனைத்துப் பாருங்கள்

காய்ந்த பெல்டிஜெராவை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாம்பல், பழுப்பு, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று எல்லாமே ஒரே மாதிரி தெரியும். ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். தெளித்து ஓரிரு நிமிடம் பொறுத்தால் மேற்புறணி (மேல்தோல்) ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளே இருக்கும் கூட்டாளியின் நிறம் வெளியே வரும்.

கருநீலமோ, கரும்பழுப்போ, ஈயச் சாம்பலோ வந்தால் உள்ளே இருப்பது நாஸ்டாக். பேரினத்தில் பெரும்பான்மைச் சிற்றினங்கள் இந்த வகை: ஒரு பூஞ்சை, ஒரு சயனோபாக்டீரியா. புல் நிறத்தில் பளீரென்று பச்சையானால் உள்ளே இருப்பது கொக்கோமிக்ஸா என்ற ஒற்றைச்செல் பசும்பாசி. சில நொடிகளில் ஒரு மந்தமான சாம்பல் இலை கண்ணெதிரே பச்சையாவதை முதல் முறை பார்ப்பவர்கள் இன்னொரு மடலிலும் தெளித்துப் பார்க்காமல் நகர்வதில்லை.

பச்சையானால் லென்ஸை எடுங்கள். மேற்பரப்பில் கறுத்த சிறு மருக்கள் சிதறிக் கிடக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இவை செபலோடியா. பச்சை வகைகளும் நாஸ்டாக்கைக் கைவிடவில்லை. அதை உடல் முழுக்கப் பரப்பாமல் இந்த மருக்களுக்குள் தனியாக அடைத்து வைத்திருக்கின்றன. ஆக இங்கே கூட்டாளிகள் மூவர்: பூஞ்சை, பசும்பாசி, நாஸ்டாக். செபலோடியா உருவாகும் விதம் சுவையானது. மடல் விளிம்பில் விழும் நாஸ்டாக் சங்கிலியைப் பூஞ்சை இழைகள் சுற்றி வளைத்து, மேலே தோல் போர்த்தி மூடிவிடுகின்றன. விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி லென்ஸை மெல்ல நகர்த்தினால், ஊசிமுனைப் புள்ளியில் தொடங்கி முதிர்ந்த மரு வரை எல்லாப் பருவத்தையும் வரிசையாகப் பார்க்கலாம்.

இந்தப் பிரிவினை வேலையிலும் தெரிகிறது. நாஸ்டாக் சங்கிலியில் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் சிறப்புச் செல்களுக்கு ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். நாஸ்டாக் மட்டுமே கூட்டாளியாக உள்ள மடலில் சுமார் 5 சதவீதச் செல்கள்தான் ஹெட்டிரோசிஸ்ட். செபலோடியாவுக்குள் சுமார் 20 சதவீதம். சர்க்கரை தயாரிக்கும் பொறுப்பைப் பசும்பாசி எடுத்துக்கொண்டதால், நாஸ்டாக் உரம் தயாரிப்பதிலேயே மூழ்கிவிடுகிறது. 1960களில் டேவிட் ஸ்மித்தின் குழு கதிரியக்கக் கார்பனைக் கொண்டு பார்த்ததில், நாஸ்டாக் தன் சர்க்கரையைக் குளுக்கோஸாக வெளியே விடுவதும், பூஞ்சை அதை உடனே மானிட்டாலாக மாற்றி வைத்துக்கொள்வதும் தெரியவந்தது. அந்தச் சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பெல்டிஜெராவைத்தான். பசும்பாசி கொடுப்பதோ ரிபிட்டால் என்ற வேறு சர்க்கரை ஆல்கஹால்.

களத்தில் உதவும் இன்னொரு வித்தியாசம்: பசும்பாசி உள்ள லைக்கன்கள் ஈரக்காற்றை மட்டும் உறிஞ்சியே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும், சயனோபாக்டீரியா உள்ளவற்றுக்குச் சொட்டுத் தண்ணீராவது வேண்டும். ஓட்டோ லாங்கேயும் அவருடைய சகாக்களும் 1986 இல் இதைக் காட்டினார்கள். அதனால் மூடுபனி மட்டும் படிந்த காலையில், ஒரே கரையில் பச்சை வகை விழித்திருக்க, பக்கத்திலேயே கறுப்பு வகை மொரமொரப்பாகக் கிடப்பதைப் பார்க்கலாம்.

இப்போது அந்தப் பெயர் விஷயத்துக்கு வருவோம். பெல்டிஜெரா பிரிட்டானிகா போன்ற சிலவற்றில், ஒரே பூஞ்சை பசும்பாசியோடு சேர்ந்து பச்சை மடலாகவும், நாஸ்டாக்கோடு மட்டும் சேர்ந்து சாம்பல் மடலாகவும் வளரும். பார்த்தால் இரண்டு வேறு லைக்கன்கள் என்று சத்தியம் செய்வீர்கள். சில சமயம் இரண்டும் ஒட்டியே இருக்கும். பெயர் பூஞ்சைக்கு என்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

படி 3: மேற்பரப்பு

மடலைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். பார்க்க வேண்டிய இடம் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். நடுப்பகுதி வயதானது, அங்கே மயிர் உதிர்ந்து வழுக்கையாகியிருக்கும், அதை நம்பி முடிவெடுத்தால் வழி தவறும்.

விளிம்பருகே மெல்லிய வெண்மயிர் படிந்து மங்கலாக இருக்கிறதா, அல்லது மெருகு பூசினாற்போல மினுங்குகிறதா? நாஸ்டாக் வகைகளை இரண்டாகப் பிரிக்கும் முதல் கேள்வி இது. மயிர் என்று நாம் சொல்வது மேற்புறணியின் செல்களிலிருந்து கிளம்பும் பூஞ்சை இழைகளைத்தான். மயிரும் இல்லாமல் மினுக்கமும் இல்லாமல் உப்புத்தாள் தேய்த்தாற்போலச் சொரசொரப்பாக இருந்தால், ஸ்காப்ரோசா என்ற சிற்றினத்தின் பக்கம் யோசிக்கலாம் (இனி சிற்றினங்களைப் பெயரின் பின்பாதியால் மட்டும் குறிக்கிறேன்).

அப்புறம், இனப்பெருக்கத் துண்டுகளைத் தேடுங்கள். சாம்பல் நிற மாவு குவிந்த வட்டத் திட்டுகள் மேற்பரப்பில் இருந்தால் அவை சொரீடியா. சிறிய, குழிந்த, வட்ட மடல்களில் இவை இருந்தால் டிடாக்டைலாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தீப்பிடித்த நிலம், புதிதாக வெட்டிய மண் போன்ற இடங்களில் முதலில் வந்து குடியேறும் ஆள் அது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இளமையில் சொரீடியா நிறைந்திருக்கும் அதே உடலம், கனி விடத் தொடங்கியதும் சொரீடியாவை இழந்துவிடும். இளையதையும் முதிர்ந்ததையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே இனம் என்று தோன்றாது. மாவு மடலின் ஓரத்தை ஒட்டி மட்டும் கோடாக ஓடினால், அதுவும் மரப்பட்டையில் வளர்ந்தது என்றால், கொல்லினாவை நினையுங்கள்.

விளிம்பிலும் கீறல் விழுந்த இடங்களிலும் குட்டி மடல்கள் முளைத்திருந்தால் ப்ரீடெக்ஸ்டேட்டா. நத்தை கடித்த மடலில் ஆறிய தழும்பு நெடுகக் குட்டிகள் வரிசை கட்டி நிற்பது இதில் அடிக்கடி காணும் காட்சி. மேற்பரப்பெங்கும் குருணை குருணையாக இசிடியா என்ற சிறு முளைகள் இருந்தால் எவான்சியானா. அதே இடத்தில் நடுவில் மட்டும் ஒட்டிய குட்டித் தட்டுகளாக இருந்தால் லெபிடோஃபோரா.

இளஞ்சிவப்பு உருண்டைகள் தெரிந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அவை பெல்டிஜெராவின் கனி இல்லை; லைக்கன் மேல் வாழும் வேறொரு பூஞ்சை, இல்லோஸ்போரியம். இந்தப் பேரினத்தின் மேல் குடியிருக்கும் பூஞ்சைகள் ஏராளம். வெளுத்த திட்டு, கறுத்த புள்ளி என்று வித்தியாசமாக எது தெரிந்தாலும், அது லைக்கனுடையதா, குடியிருப்பவருடையதா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

படி 4: திருப்புங்கள்

அடிப்பக்கம் தெரியாத பெல்டிஜெரா படத்தை அனுப்பிப் பெயர் கேட்டால், விவரம் தெரிந்த யாரும் பதில் சொல்லத் தயங்குவார்கள். இந்தப் பேரினத்தின் அடையாள அட்டை அடியில்தான் இருக்கிறது.

காரணம் உடலமைப்பிலேயே உள்ளது. பெரும்பாலான இலைவடிவ லைக்கன்களுக்கு மேலே ஒரு புறணி, கீழே ஒரு புறணி. பெல்டிஜெராவுக்குக் கீழ்ப்புறணி கிடையாது. உள்ளடுக்கான மெடுல்லாவின் தளர்ந்த இழைகள் அப்படியே வெளியே தெரியும். அந்த இழைகள் ஆங்காங்கே கட்டுக்கட்டாகத் திரண்டு நரம்புகளாகின்றன; நரம்புகளிலிருந்து கற்றையாகக் கீழிறங்குபவை ரைசின்கள். நரம்பு என்றாலும் தாவர இலையின் நரம்பைப் போல நீர்க்குழாய் எதுவும் உள்ளே இல்லை.

மடலைக் கிழிக்காமல் திருப்ப, முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்தது நொறுங்கும். திருப்பியதும் நான்கு கேள்விகள்.

நரம்பு தனித்துத் தெரிகிறதா? கனைனாவிலும் மெம்ப்ரனேசியாவிலும் புடைத்துத் தெளிவாக இருக்கும். பாலிடாக்டைலான் என்ற பிரிவின் கூட்டத்தில் அகலமாக, தட்டையாகப் பரவி, இடையே வெள்ளைத் திட்டுகளை மட்டும் விட்டுவைக்கும். மலேசியா (malacea; நாட்டின் பெயர் இல்லை) என்ற சிற்றினத்தில் நரம்பே இல்லாமல் அடி முழுக்கத் தடித்த கம்பளியாக இருக்கும். விளிம்பில் வெளிறி, உள்ளே போகப் போகக் கறுக்கும்.

நரம்பின் நிறம் என்ன? விளிம்பிலிருந்து மையம் வரை வெளிறியே இருக்கிறதா, பழுப்பாகிறதா, கறுப்பாகிறதா? மாற்றம் படிப்படியா, சட்டென்றா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரைசின் எப்படிப்பட்டது? மெம்ப்ரனேசியாவில் நீளமாக, மெலிந்து, ஒற்றையாக இருக்கும். கனைனாவில் இளமையில் எளிய கற்றை. முதிர முதிரப் பக்க இழைகள் கிளைத்துப் புதர்போல் ஆகும். ரூஃபெசென்ஸில் அடர்ந்து பின்னிப் பாயாகக் கிடக்கும். அதற்கு மேலும் இரண்டு துப்பு உண்டு: மடல்கள் குறுகி விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், வெயில் படும் வறண்ட மண்ணில் வளரும். ஹரிசாண்டேலிஸில் குட்டைக் கற்றைகள் விளிம்புக்கு இணையாக வரிசை வரிசையாக நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ரைசினைப் பார்க்க வேண்டிய இடம் விளிம்புக்குச் சற்று உள்ளே. ஓரத்தில் அவை இன்னும் முளைத்திருக்காது. நடுவிலோ மண்ணும் பாசியும் அப்பிக்கொண்டு உருவம் தெரியாது.

நான்காவது, அடியில் செபலோடியா உண்டா? வினோசா என்ற சிற்றினத்தில் மருக்கள் மேலே இல்லாமல் அடி நரம்புகளின் மேல் ஒட்டியிருக்கும். விசிறி விரித்த ஒற்றை மடல், ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். வெள்ளை அடிப்பரப்பில் கறுத்த நரம்புகள் கோலம் போட்டிருக்கும். பேரினத்திலேயே அழகானது எது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கண்ணுக்குத் தப்பிவிடும் அளவுக்குச் சின்னது என்பதுதான் குறை.

படி 5: கனிகள்

கனிக்கு அப்போதீசியம் என்று பெயர். பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை நிறம். பெரும்பாலான சிற்றினங்களில் மடலிலிருந்து நீளும் குறுகிய நுனியின் மேல், ஓரங்கள் பின்னுக்கு வளைந்து, விரல் நுனியில் நகம் இருப்பது போல நிமிர்ந்து நிற்கும். ஹரிசாண்டேலிஸ், வினோசா போன்ற சிலவற்றில் கனி தட்டையாக, கிடையாக இருக்கும். ஹரிசாண்டேலிஸில் நீளத்தைவிட அகலம் அதிகம்.

பச்சை வகைகளில் கனியின் முதுகைப் பார்க்கத் தவறாதீர்கள். ஆஃப்தோசாவையும் லியூகோஃபிளீபியாவையும் பிரிப்பதில் இது நல்ல சாட்சி. ஆஃப்தோசாவின் கனி முதுகில் பச்சைப் புறணி இடைவெளி விடாமல் மூடியிருக்கும்; லியூகோஃபிளீபியாவில் திட்டுத் திட்டாக மட்டும் இருக்கும். அடி நரம்புகளும் ஒத்துப்போக வேண்டும்: லியூகோஃபிளீபியாவில் தெளிவு, ஆஃப்தோசாவில் மங்கல்.

கனைனா என்ற பெயரைப் பற்றி ஒரு கிளைக்கதை. 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரிச்சர்ட் மீட் என்ற பெயர்பெற்ற மருத்துவர், வெறிநாய்க்கடிக்கு இந்த லைக்கனையும் மிளகையும் பொடித்துக் கொடுத்தார். கனைனா என்ற பெயரில் நாய் இருப்பதும் அந்தப் பழைய நம்பிக்கையின் மிச்சம்தான். பலன் எதுவும் இருந்திருக்க முடியாது. வெறிநோய் வைரஸால் வருவது.

படி 6: குறுக்குவெட்டு

நுண்நோக்கி கிடைத்தால் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். நனைத்த மடலின் சிறு துண்டைக் கேரட் பிளவுக்குள் செருகி, புது ஷேவிங் பிளேடால் முடிந்தவரை மெல்லியதாகச் சீவுங்கள். பத்து சீவலில் ஒன்று உருப்படியாக அமைந்தாலே பெரிது. ஒரு துளித் தண்ணீரில் வைத்து மூடி, குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள்.

மேலிருந்து கீழாக: முதலில் மேற்புறணி. நெருக்கமான, உருண்டையோ பலகோணமோ ஆன செல்கள் சில வரிசை. பார்க்கத் தாவரத் திசு போலவே இருக்கும். உண்மையில் குட்டையாகத் துண்டுபட்டு ஒட்டிக்கொண்ட பூஞ்சை இழைகள். மயிர் உள்ள இனமானால் அதன் மேல் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது கூட்டாளி அடுக்கு. நாஸ்டாக் என்றால் நீலப்பச்சை உருண்டைகள் சுருண்ட சங்கிலியாகவோ கொத்தாகவோ தெரியும். 400 மடங்கில் பொறுமையாகத் தேடினால் இடையிடையே நிறம் வெளிறி, சற்றுப் பெருத்து, தடித்த சுவரோடு ஹெட்டிரோசிஸ்ட்டுகள் அகப்படும். கொக்கோமிக்ஸா என்றால் சங்கிலி இல்லை. தனித்தனியான நீள்வட்டப் பச்சைச் செல்கள். அதன் கீழே மெடுல்லா: காற்றிடை நிறைந்த, நிறமற்ற இழைகளின் தளர்ந்த பின்னல். அதன் கீழே எதுவும் இல்லை. கீழ்ப்புறணி இல்லை என்று படி 4 இல் சொன்னதை இங்கே கண்ணால் உறுதி செய்துகொள்ளலாம். நரம்பு வழியே வெட்டு போயிருந்தால், இழைகள் ஒரே திசையில் இணையாக நெருங்கி ஓடுவது தெரியும்.

கனியை வெட்டினால் நெருங்கி நிற்கும் ஆஸ்கஸ் பைகள், பை ஒன்றுக்கு எட்டு ஸ்போர்கள். அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால் பையின் நுனியில் நீல வளையம் தெரியும். ஸ்போர்கள் நிறமற்றவை, சில நேரம் இளம்பழுப்பு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குறுக்குச் சுவர்கள். கனைனா கூட்டத்தில் ஊசிபோல நீண்டிருக்கும்; ஹரிசாண்டேலிஸ், வினோசா போன்றவற்றில் குட்டையாக, நடு பருத்த கதிர் வடிவில் இருக்கும்.

படி 7: வேதிச் சோதனை

லைக்கன் ஆய்வாளர் நிலேண்டர் 1866 இல் தொடங்கிவைத்த சொட்டுச் சோதனைகள் (ஒரு துளி வேதிப்பொருள் விட்டு நிறமாற்றம் பார்ப்பது) மற்ற லைக்கன்களில் பெரும் உதவி. பெல்டிஜெராவில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பிளீச் எதற்கும் நிறம் மாறாது. டிடாக்டைலாவைப் போலவே தோற்றமளிக்கும் எக்ஸ்டென்யூவேட்டாவின் சொரீடியா பிளீச்சில் சிவப்பாவது ஒரு விதிவிலக்கு. டெனுயோரின், ஸியோரின் போன்ற பொருள்களைக் கண்டறிய மென்படல வண்ணப்பிரிகை செய்ய வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டும். தொடக்கத்தில் இதை விட்டுவிடலாம். கனைனா கூட்டத்தில் இந்தப் பொருள்கள் பொதுவாக இருக்காது, பாலிடாக்டைலான் கூட்டத்தில் நிறைய உண்டு என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: பிரிவில் சேர்ப்பது

இப்போது உங்கள் குறிப்புகளை எடுங்கள். சாம்பல் அல்லது பழுப்பு, நாஸ்டாக், விளிம்பில் மயிர், தெளிவான நரம்பு என்றால் பெல்டிஜெரா பிரிவு. பேரினத்தின் பெயரையே சுமக்கும் இந்தப் பிரிவில்தான் கனைனா, ரூஃபெசென்ஸ், மெம்ப்ரனேசியா, ப்ரீடெக்ஸ்டேட்டா, டிடாக்டைலா எல்லாம் வருகின்றன. மயிர் இல்லாமல் மினுக்கமோ சொரசொரப்போ, அகன்ற தட்டை நரம்பு, நிமிர்ந்த கனி என்றால் பாலிடாக்டைலான். மினுக்கத்தோடு கிடைக் கனி என்றால் ஹரிசாண்டேல்ஸ். நீங்கள் பார்ப்பதில் பெரும்பங்கு இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பச்சை, மேலே செபலோடியா, அடி நரம்பு மங்கல் என்றால் பெல்டிடியா. ஆஃப்தோசாவும் பிரிட்டானிகாவும் இங்கே. நாஸ்டாக் மட்டுமே உள்ள மலேசியாவும் இதே பிரிவுதான் என்பது கொஞ்சம் உதைக்கும். உறவைச் சொல்வது பூஞ்சையின் டிஎன்ஏ. கூட்டாளியை மாற்றிக்கொள்வது வம்சத்தை மாற்றாது. பச்சையாக இருந்து நரம்பு தெளிவாக இருந்தால் குளோரோபெல்டிஜெரா, லியூகோஃபிளீபியாவின் வீடு. வினோசாவுக்கென்றே ஃபிளீபியா. அடிப்பக்கம் வலைபோல் பின்னிக் குழிகுழியாக இருக்கும் ரெட்டிஃபோவியேட்டாவுக்கு ஒரு பிரிவு. கடைசியாக ஹைட்ரோதைரியே: வட அமெரிக்காவின் தெளிந்த மலை ஓடைகளில் தண்ணீருக்குள்ளேயே வாழும் லைக்கன்கள். இலைவடிவ லைக்கன் ஒன்று ஓடும் நீரில் மூழ்கி வாழ்வது அபூர்வம். இதை நெடுங்காலம் தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள்.

பிரிவுக்கு மேல் போக ஆசைப்பட்டால் எச்சரிக்கையோடு போங்கள். இதுவரை சுமார் நூறு சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாலிடாக்டைலான் பிரிவில் 2017 இலும், பெல்டிஜெரா பிரிவில் 2018 இலும் உலக அளவில் டிஎன்ஏவைப் பார்த்தபோது, பெயரே இல்லாத இனங்கள் ஏராளமாக ஒளிந்திருப்பது தெரிந்தது. பழைய நூலின் அடையாளத் திறவுகோலை (கேள்வி கேள்வியாகப் பெயருக்கு அழைத்துப்போகும் பட்டியல்) பிடித்துக்கொண்டு போனால், எந்த மாதிரிக்கும் ஏதாவது ஒரு பெயர் வந்து நிற்கும். அது சரியான பெயர் என்பதற்கு அத்தாட்சி இல்லை.

மாதிரி எடுப்பதும் எழுதி வைப்பதும்

முதலில் படம். குறைந்தது நான்கு: காய்ந்த நிலையில் முழு உடலம், நனைந்த நிலையில் அதே கோணம், விளிம்பு அண்மைக் காட்சி, அடிப்பக்கம். அளவுகோலையோ நாணயத்தையோ பக்கத்தில் வையுங்கள். பல சமயம் இதுவே போதும், எடுக்கவே வேண்டாம்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், பாதுகாக்கப்பட்ட இடமா என்று பார்த்து அனுமதி வாங்குங்கள். தாராளமாக வளர்ந்த இடத்தில் மட்டும், விளிம்பும் கனியும் உள்ள இரண்டு மூன்று மடல்கள் போதும். பாசியையும் மண்ணையும் ஈரமாக இருக்கும்போதே அடியிலிருந்து மெல்ல விலக்கிவிடுங்கள். காய்ந்தபின் செய்தால் ரைசினும் சேர்ந்து பிய்ந்துவரும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரே நாளில் பூசணம் பிடித்துவிடும், காகித உறைதான் சரி. காயும்போது ஒரு மடலை மட்டும் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். காய்ந்த மாதிரியைப் பின்னால் திருப்ப முயன்றால் உடையும்.

உறைமேல் தேதி, இடம், உயரம், எதன்மேல் வளர்ந்தது (மண், பாறை, மரம், பாசி), நிழலா வெயிலா, நனைந்தபோது என்ன நிறம் என்று எழுதுங்கள். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் "பெல்டிஜெரா, கனைனா கூட்டம்" என்றோ "பெல்டிஜெரா, பாலிடாக்டைலான் பிரிவு" என்றோ எழுதிவிட்டு, பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதுமளவு இடம் விட்டு வையுங்கள்.